கொண்டை ஊசி வளைவில் ஒரு மானேஜ்மென்ட் பாடம்!

ஒரு திங்கட்கிழமை காலை. ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் புதுசாக ஒரு சுற்றறிக்கை தொங்குகிறது. ‘வரும் ஒன்றாம் தேதி முதல் அனைத்துப் பணிகளும் புதிய சாஃப்ட்வேர் மூலமே நடைபெறும். ஊழியர்கள் ஒத்துழைக்கவும்.’ கீழே ஒரு கையெழுத்து. அது யாருடையது என்று யாருக்கும் புரியாது. கையெழுத்துப் போட்டவருக்கு அந்த சாஃப்ட்வேர் புரியாது என்பது வேறு விஷயம்!

அன்று மத்தியானம் கேன்டீனில் நாலு ரக ஆசாமிகளைப் பார்க்கலாம்.

முதல் ரகம்: ‘‘இதெல்லாம் ஆறு மாசம் ஆடும் ஸார். அப்புறம் தானா அடங்கிடும். எத்தனை பார்த்தாச்சு!’’

இரண்டாவது ரகம்: ‘‘நம்ம சீட்டைக் கிழிக்கத்தான் இந்த ஏற்பாடு. எழுதி வெச்சுக்கங்க...’’

மூன்றாவது ரகம்: ‘‘நான் அன்னிக்கே சொன்னேன்!’’ (என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்று மட்டும் கேட்கக்கூடாது.)

நாலாவது ரகம் வாயே திறக்காது. தயிர்சாதத்தை முடித்துவிட்டு எழுந்து போகும். அன்று ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து, அந்த சாஃப்ட்வேரைப் பற்றி யூடியூபில் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடும். அடுத்த வருஷம் மற்ற மூன்று பேரும் சந்தேகம் கேட்கப் போவது இந்த ஆசாமியிடம்தான்.

நிர்வாகம் என்ன செய்யும்? பெரிய ஹோட்டலில் ஹால் பிடித்து, வெளியூரிலிருந்து கோட் சூட் போட்ட ஒருவரை வரவழைத்து, ஊழியர்களுக்கு ‘மாற்றத்தை எதிர்கொள்வது எப்படி?’ என்று வகுப்பெடுக்கச் சொல்லும். அவரும் முதல் ஸ்லைடிலேயே ‘மாற்றம் ஒன்றே மாறாதது’ என்று போடுவார். அந்த ஸ்லைடு மட்டும் வருஷக்கணக்காக மாறுவதே இல்லை!

அந்தச் செலவில் நூற்றில் ஒரு பங்கு போதும். சேலத்திலிருந்து ஏற்காடு பஸ் பிடிக்கலாம். முப்பது கிலோமீட்டர் சொச்சம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு. ஊருக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், லேடீஸ் சீட்டில் நின்று கீழே மின்னுகிற சேலத்தைப் பார்ப்பார்கள், பகோடா பாயின்ட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கிவிடுவார்கள். நாம் பார்க்க வேண்டியது ரோட்டின் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே அடக்கமாக நிற்கிற காபிச் செடிகளை.

ஏன் என்கிறீர்களா? மாற்றம், மாற்றம் என்று இன்று ஆபீஸ்களில் அடித்துக்கொள்கிறோமே... சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்கள் அதை இருநூறு வருஷமாகப் பார்த்துக்கொண்டு வருகின்றன.

கலெக்டர் கொண்டுவந்த செடி

1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன். சேர்வராயன் மலையில் காபியையும் சில பழ வகைகளையும் பயிராக்கிப் பார்த்த புண்ணியவான் இவர். ஏற்காட்டின் பழைய கிரேஞ்ச் எஸ்டேட்டை இவர் பெயரோடு சேர்த்துத்தான் இன்றும் சொல்கிறார்கள். அடுத்தடுத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் மலையேறினார்கள். காடு தோட்டமானது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வந்தது ஒரு ‘சிஸ்டம் க்ராஷ்’. இலைத்துரு நோய்!

காபி இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் பொடி பூத்த மாதிரி புள்ளிகள் தோன்றும். இலை கொட்டும். செடி மொட்டையாகும். 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய இந்த நோய், அடுத்த சில வருஷங்களில் தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. இலங்கை அப்போது உலகத்தின் முன்னணி காபி நாடுகளில் ஒன்று. இருபது சொச்சம் வருஷத்தில் அந்தப் பெருமை துடைத்து எடுத்த மாதிரி போய்விட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். இலங்கை அப்படியே மூழ்கிவிடவில்லை. தேயிலைக்கு மாறி எழுந்து நின்றது. எப்படி முடிந்தது? நோய் தலைகாட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1867-ல், லூலெகொந்தர என்ற தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி கொழித்துக்கொண்டிருந்த காலத்தில், ‘இவனுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை’ என்று நினைக்கத் தோன்றுகிற 19 ஏக்கர். அந்தப் பத்தொன்பது ஏக்கர்தான் பின்னால் ஒரு நாட்டுக்கே வழி காட்டியது. (அந்த மாற்றத்தைத் தலையில் கூடை சுமந்து நடத்திக் காட்டியவர்கள் நம் ஊரிலிருந்து கப்பலேறிய தமிழர்கள் என்பதைச் சரித்திரப் புத்தகங்கள் கொஞ்சம் சின்ன எழுத்தில்தான் போடுகின்றன!)

இந்தியத் தோட்டக்காரர்கள் வேறு ரூட்டில் போனார்கள். காபியை விடவில்லை. நோயைத் தாங்குகிற செடியைத் தேடினார்கள். மைசூர்ப் பக்கம் கென்ட் என்ற தோட்டக்காரர் நோய் தாக்காமல் நின்ற செடியிலிருந்து விதை எடுத்துப் பெருக்கினார். 1925-ல் சிக்மகளூர் பக்கத்தில் பாலேஹொன்னூரில் காபி ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1940-களில் ‘எஸ்.795’ என்ற ரகம் வெளிவந்தது. நோய் மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு வந்தது. ஆராய்ச்சியும் தொடர்ந்தது. 2007-ல் ‘சந்திரகிரி’ என்ற குட்டை ரகம் வந்தது. ஆன்ட்டி-வைரஸ் அப்டேட் போலத்தான்... என்ன, ஒரு அப்டேட்டுக்குப் பல வருஷம்!

புதிய ரகம் வந்தது என்பதற்காக எந்த விவசாயியும் ஒரே ராத்திரியில் மொத்தத் தோட்டத்தையும் பிடுங்கிப் போடுவதில்லை. காபிச் செடி நட்டு மூன்று, நாலு வருஷம் கழித்துத்தான் பலன். அதுவரை வயிற்றுக்கு? அதனால் ஒரு பிளாக்கில் மட்டும் புதுசு வைப்பார்கள். மற்றது பழையபடி காய்த்துக்கொண்டிருக்கும். செடி பட்டுப்போன இடைவெளியில் நாற்று வைத்து நிரப்புவார்கள். புது பிளாக் தேறிய பிறகு அடுத்த பிளாக்.

நம் ஆபீஸ்களில்? ‘வரும் ஒன்றாம் தேதி முதல் அனைத்துப் பணிகளும்...’ மொத்தச் செடியையும் பிடுங்கிவிட்டு நாற்றுக்கு டெண்டர் விடுகிற வேலை!

ஐம்பது வருஷப் பழக்கம்

அடுத்த மாற்றம் செடியில் இல்லை, சந்தையில்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும், காபியை வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. 1942-ல் சட்டம் போட்டு, காபி போர்டு கையில் விற்பனையை ஒப்படைத்தார்கள். ‘பூல்’ என்று பெயர். வீட்டுக்கும் விதைக்கும் கொஞ்சம் வைத்துக்கொண்டு, விளைந்த மற்ற எல்லாவற்றையும் போர்டிடம் கொடுத்துவிட வேண்டும். போர்டு தரம் பிரித்து, ஏலம் போட்டு, தவணை தவணையாகப் பணம் தரும். தன் தோட்டத்துக் காபியைத் தானே ஒருவருக்கு விற்றால் அது குற்றம்!

விவசாயிக்கு இதில் எரிச்சலும் உண்டு, நிம்மதியும் உண்டு. பணம் ஆடி அசைந்து வருகிறதே என்பது எரிச்சல். விற்கிற தலைவலி நமக்கில்லை என்பது நிம்மதி. கிட்டத்தட்ட அரசாங்க உத்தியோகம் மாதிரி.

1992-ல் காற்று மாறியது. தாராளமயம் வந்தது. முதலில் விளைச்சலில் முப்பது சதவீதத்தை உள்நாட்டில் தானே விற்கலாம் என்றார்கள். அடுத்து ஐம்பது சதவீதம் எங்கே வேண்டுமானாலும் விற்கலாம். பிறகு சிறு விவசாயிகளுக்கு முழுச் சுதந்திரம். 1996-ல் எல்லோருக்கும். பூல் முடிந்தது.

இங்கே இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று நல்ல பாடம்: ஐம்பது வருஷப் பழக்கத்தை ஒரே சுற்றறிக்கையில் நிறுத்தவில்லை. நாலு வருஷம் எடுத்துக்கொண்டு படிப்படியாக இறக்கினார்கள். அதிலும் சிறு விவசாயிகளுக்கு முதலில், பெரிய தோட்டங்களுக்கு அப்புறம்.

இன்னொன்று கசப்பான பாடம். சுதந்திரம் வந்த நேரம் நல்ல நேரம். 1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து, உலகமெங்கும் காபி விலை எகிறியது. ‘அடடா, இதையல்லவா அப்பவே செஞ்சிருக்கணும்!’ என்று தோன்றியது. ஆனால், 2000-க்குப் பிறகு விலை பாதாளத்துக்குப் போனது. 2001-ல் உலகக் காபி விலை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்கு விழுந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. செடி வளர்க்கத் தெரியும், பழம் பறிக்கத் தெரியும், களத்தில் காயவைக்கத் தெரியும். விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும், எப்போது விற்பது, எப்போது பிடித்து வைப்பது... இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஐம்பது வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தது வேறு ஆள்!

புதிய சிஸ்டம் வந்தால் பழைய சிஸ்டம் சத்தமில்லாமல் என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டும். ஆபீஸில் ரிட்டயர் ஆகிப் போகிற ஹெட் கிளார்க்கிடம் இதைக் கேட்டால் சொல்வார். யாரும் கேட்பதில்லை. சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறோம்!

கீழே இறங்கிப் பார்த்தால்...

மலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி, நமக்குப் பழக்கமான இரண்டு ஆபீஸ்களைப் பார்ப்போம்.

முதலில் ரயில்வே. ஒரு காலத்தில் ரிசர்வேஷன் என்றால் ரயிலுக்கு ஒரு கவுன்ட்டர், கவுன்ட்டருக்கு ஒரு பெரிய லெட்ஜர். தவறான க்யூவில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, ‘பக்கத்து லைனுக்குப் போங்க’ என்று கேட்ட அனுபவம் உங்கள் அப்பாவுக்கு நிச்சயம் இருக்கும். 1985-86-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் ஆரம்பமானது. அடுத்து பம்பாய், கல்கத்தா, சென்னை என்று ஊர் ஊராகப் போனது. அந்த ஊர் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றோடு ஒன்று இணைத்து முடிக்க 1999 ஆனது. வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கிற இன்டர்நெட் வசதி 2002-ல் வந்தது.

ஜனங்கள் ஏன் இதை உடனே ஏற்றுக்கொண்டார்கள்? ‘கம்ப்யூட்டர் வந்திருக்கிறது’ என்று சொன்னதால் இல்லை. ‘எந்த கவுன்ட்டரில் நின்றாலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட்’ என்ற ஒரே ஒரு சௌகரியம்தான் காரணம். அதை யாரும் ஸ்லைடு போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து பாங்க். இங்கே கதை வேறு. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்ற பயம். அது அர்த்தமில்லாத பயம் இல்லை. சோறு போடுகிற உத்தியோகம் ஆச்சே! 1983-ல் பாங்க் நிர்வாகங்களும் யூனியன்களும் உட்கார்ந்து, எந்த மெஷின், எங்கே, எத்தனை என்று வரம்பு கட்டி ஒப்பந்தம் போட்டார்கள். ரங்கராஜன் கமிட்டி 1984-லும் 1989-லும் ரிப்போர்ட் கொடுத்தது. கிளைகளில் வந்து உட்கார்ந்த மெஷினுக்கு ‘லெட்ஜர் போஸ்டிங் மெஷின்’ என்று பெயர். பெயரில்கூடக் கம்ப்யூட்டர் கிடையாது, பாருங்கள்! 1993-ல் இன்னொரு ஒப்பந்தம். இப்படிப் பத்து வருஷம் பேசிப் பேசித்தான் கதவு திறந்தது. 2000-க்குப் பிறகு எல்லாக் கிளைகளையும் ஒரே வலையில் கோத்தார்கள். இன்றைக்கு சேலத்து அக்கவுன்ட்டுக்கு ஏற்காட்டில் பணம் கட்டலாம்.

‘பத்து வருஷம் வீணாச்சே’ என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால், ஒன்றை யோசியுங்கள். பேசித் தீர்த்த பயம் பயமாக மட்டும் நின்றது. பேசாமல் விட்ட பயம் வேறு ரூபத்தில் வரும். மெஷின் அடிக்கடி ‘ரிப்பேர்’ ஆகும். ஃபைல் காணாமல் போகும். ‘சர்வர் டவுன் ஸார்’ என்ற போர்டு நிரந்தரமாகத் தொங்கும்!

மொபைலுக்குள் காபித் தோட்டம்

மறுபடி மலைக்கு ஏறுவோம். இப்போது நடக்கிற மூன்றாவது மாற்றம் மொபைல் வழியாக வருகிறது.

2018-ல் காபி போர்டு, விவசாயிகளுக்கு மொபைலில் குரல் வழியாக ஆலோசனை சொல்லும் திட்டத்தைக் கர்நாடகத்தில் தொடங்கியது. 2019 மார்ச்சில் ‘பிளாக்செயின்’ என்ற தொழில்நுட்பத்தில் காபிக்கு ஒரு மின்னணுச் சந்தையைச் சோதனை முறையில் ஆரம்பித்து வைத்தது. பிளாக்செயின் என்றால் பயப்பட வேண்டாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் ரப்பர் போட்டு அழிக்க முடியாத கணக்குப் புத்தகம். அதில் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் ஒரு காப்பி இருக்கும். (அந்தக் காபி இல்லை... பிரதி!) இந்தக் காபி எந்த மலையில், யார் தோட்டத்தில் விளைந்தது என்று வெளிநாட்டுக்காரர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தெரிந்துகொள்ளலாம் என்பது யோசனை. நடுவில் கைமாறும்போது கரைகிற காசு விவசாயிக்கே கிடைக்கும் என்பது நம்பிக்கை.

அடுத்து ஐரோப்பாவிலிருந்து ஒரு சட்டம். காடு அழித்துப் பயிரிட்ட காபி, கோகோ போன்றவற்றை வாங்க மாட்டோம் என்று 2023-ல் ஐரோப்பிய யூனியன் சட்டம் இயற்றியது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலமாக இருக்கக் கூடாது. தோட்டம் பூமியில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். நாலு ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லையையே சுற்றி வரைந்து காட்ட வேண்டும். அமல்படுத்தும் தேதியை ஒரு தடவைக்கு மேல் தள்ளிப்போட்டுவிட்டார்கள். ஆனால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்துவிட்டது. இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதிதான். இத்தாலிதான் முன்னணி வாடிக்கையாளர். ‘எங்களுக்கென்ன’ என்று இருக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. நம் ஊர்க் காபி நிழலில் வளர்வது. மேலே மரம், நடுவில் மிளகு, கீழே காபி. வானத்திலிருந்து சாட்டிலைட் எட்டிப் பார்த்தால் அடர்ந்த காடு மாதிரியே தெரியும். நாளைக்கு நிழல் மரத்தைக் கொஞ்சம் கழித்துவிட்டால், ‘ஐயோ, காட்டை வெட்டிவிட்டான்!’ என்று அது புகார் செய்தாலும் செய்யும். தோட்டத்தில் நிற்கிற மனிதன்தான் ‘இல்லை ஸார், கவாத்துப் பண்ணினோம்’ என்று சொல்ல வேண்டும். எத்தனை பெரிய தொழில்நுட்பமும் கடைசியில் கீழே நிற்கிற ஒரு ஆளின் வார்த்தையில்தான் வந்து முடிகிறது.

அழிக்க முடியாத கணக்குப் புத்தகம் சரி... அதில் முதல் வரியை எழுதுவது யார்? பழுத்த பழமா, பச்சைக் காயா என்று பிளாக்செயினுக்குத் தெரியாது. பறிக்கிற அம்மாவின் விரலுக்குத் தெரியும். ஒரே செடியில் பழம், காய், பிஞ்சு எல்லாம் சேர்ந்து நிற்கும். சிவந்ததை மட்டும் பார்த்து எடுத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி வந்து எடுக்க வேண்டும். சரிவான மலையில், நிழல் மரங்களுக்கு நடுவில், மெஷினை விட்டு இதைச் செய்ய முடியாது. தப்பான தகவலை உள்ளே போட்டால், அழிக்க முடியாத தப்பாக அது காலத்துக்கும் நிற்கும்!

தராசு சொல்லும் சேதி

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். ஒரு எஸ்டேட். சாயங்காலம். பறித்த பழத்தை எடை போட்டு, ரைட்டர் நோட்டில் குறித்துக்கொள்கிறார். இத்தனை நாள் தொங்கு தராசு. முள் நகர்வது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இன்றைக்குப் புதிதாக எலெக்ட்ரானிக் தராசு. எடை நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகும்.

‘‘என்னப்பா இது, நேத்து இதே கூடை இருபத்தி ரெண்டு கிலோ வந்துச்சு. இன்னிக்கு இருபதுன்னு காட்டுது?’’

‘‘மெஷின் பொய் சொல்லாதும்மா...’’

இந்த ஒரு பதிலில் மொத்த மாற்றமும் செத்துவிடும். மெஷின் பொய் சொல்லாது, வாஸ்தவம். ஆனால், கேள்வி மெஷினைப் பற்றியது இல்லை. கூலியைப் பற்றியது. புத்திசாலி ரைட்டர் என்ன செய்வார்? ‘‘சந்தேகம்னா இந்தா, அஞ்சு கிலோ படிக்கல்லு. நீயே வெச்சுப் பாரு’’ என்பார். ஒரு வாரம் பழைய தராசு, புதிய தராசு இரண்டிலும் போட்டுக் காட்டுவார். வித்தியாசம் வந்தால் அந்த வாரத்துக்கு அதிகமாகக் காட்டியதையே கணக்கில் எடுத்துக்கொள்வார். எஸ்டேட்டுக்குக் கொஞ்சம் நஷ்டம். ஆனால், வாங்கியது நம்பிக்கை. இதைவிட மலிவாக அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

இதற்கு நேர் எதிரான உதாரணத்துக்குக் கற்பனை தேவையில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் மொபைல் ஆப் மூலம் வருகைப் பதிவு, 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கக் கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, வேலை செய்யும் இடத்திலேயே ஆட்களைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். நோக்கம் நல்லதுதான். வராத ஆளுக்குப் பொய்க் கணக்கு எழுதக் கூடாது என்பதுதான். ஆனால் என்ன ஆனது? சிக்னல் இல்லாத இடத்தில் போட்டோ ஏறவில்லை. ஆப் அடம் பிடித்தது. வெயிலில் நின்று மண் வெட்டியவர்களுக்கு, ‘வரவில்லை’ என்று பதிவாகிக் கூலி போனதாக ஊர் ஊராகப் புகார். அந்த வருஷம் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் வந்து உட்கார்ந்து போராடினார்கள்.

கவனியுங்கள். தப்பு செய்தது சாஃப்ட்வேர். சம்பளம் போனது கூலிக்காரருக்கு. சாஃப்ட்வேரை எழுதியவருக்கோ, கட்டாயமாக்கிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பைசா குறையவில்லை. ஒரு மாற்றம் உருப்படுமா, உருப்படாதா என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘இது தப்பாகப் போனால் நஷ்டம் யாருக்கு?’ எல்லாருக்கும் கீழே இருக்கிற ஆளுக்கு என்பது பதிலானால், அந்த மாற்றத்தை நடத்துகிறவர் தலைவர் இல்லை. வெறும் சுற்றறிக்கை!

மலை சொல்லும் அஞ்சு விஷயம்

ஏற்காட்டிலிருந்து இறங்குகிறவர்கள் காபிப் பொடியும் மிளகும் வாங்கிக்கொண்டு வருவார்கள். நாம் இந்த ஐந்தையும் சேர்த்து மூட்டை கட்டுவோம். நாளைக்கே நீங்கள் செக்‌ஷன் ஹெட் ஆகலாம், உதவும்.

1. மொத்தத் தோட்டத்தையும் பிடுங்காதீர்கள். ஒரு பிளாக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு செக்‌ஷனில் மூன்று மாதம் ஓடி, தேறிய பிறகு அடுத்தது.

2. காபி கொழிக்கும்போதே பத்தொன்பது ஏக்கர் தேயிலை போடுங்கள். எல்லாம் நன்றாக ஓடுகிற காலத்தில் செய்கிற சோதனைக்குத்தான் பொறுமையும் பணமும் இருக்கும். நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்ட டெண்டர் விட்டுப் பிரயோஜனமில்லை.

3. பழைய சிஸ்டம் பேசாமல் செய்த வேலைகளைப் பட்டியல் போடுங்கள். அதை இனிமேல் யார் செய்வார் என்று பக்கத்தில் பெயர் எழுதுங்கள். பெயர் இல்லாத வரி ஒன்று இருந்தாலும் பட்டனை அழுத்தாதீர்கள்.

4. இரண்டு கணக்கும் சேர்ந்து ஓடட்டும். ஆனால், பழையதை என்று மூடுவது என்று முதல் நாளே தேதி குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் ஒன்று, ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று நோட்டில் ஒன்று எனக் காலமெல்லாம் இரட்டை வேலை. கடைசியில் எல்லோரும் நம்புவது நோட்டைத்தான்!

5. புதிய தராசின் முதல் தவறு உங்கள் செலவு. ஆரம்ப மாதங்களில் மெஷின் தப்பு செய்தால், ஊழியருக்குச் சாதகமாகவே கணக்கு தீரும் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். அப்புறம் பாருங்கள்... கேன்டீனில் முதல் மூன்று ரக ஆசாமிகளும் பாதியாகக் குறைந்துவிடுவார்கள். ‘நான் அன்னிக்கே சொன்னேன்’ ஆசாமி மட்டும் இருப்பார். அவரை எந்த டெக்னாலஜியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவும் ஞாபகம் இருக்காது என்பவர்களுக்கு, மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதி போதும். குறுகலான ஏற்றத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இறங்குகிற வண்டி ஓரமாக நிற்க வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஏனென்றால், பாரத்தை இழுத்துக்கொண்டு மேலே வருவது அதுதான். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கஷ்டம்.

மேல்மட்டத்திலிருந்து கிடுகிடுவென்று இறங்கி வருகிற உத்தரவுகள், புதிய வேலையைக் கற்றுக்கொண்டு மூச்சு வாங்க மேலே ஏறி வருகிற ஊழியருக்கு வழி விட்டு ஒரு நிமிஷம் ஓரமாக நிற்குமானால், எந்த ஆபீஸும் இருபது வளைவையும் தாண்டி ஊர் போய்ச் சேரும். ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால், வளைவிலேயே நிற்க வேண்டியதுதான்!